பழைய படை ஊர்திகளைப் பேணுதல்: கைத்திறனும் சொல்திறனும்



மொழிக்கென அமைந்த ஒரு மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் பழைய ஜீப்புக்கும் டாங்கிக்கும் என்ன இடம் என்று, இன்றைய தலைப்பைக் கண்டதும் உங்களுள் சிலர் வியந்திருக்கலாம். அவ்வியப்பு நியாயமானதே. ஆயினும், பழுதடைந்த ஒரு பழம்பொருளைக் கையிலெடுத்து, அதன் மூலநிலை யாதெனத் தேடி, இழந்ததை இட்டு நிரப்பி, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் பணி நமக்குப் புதியதன்று. செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்துப் பதிப்பித்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். அப்பணிக்கு வேண்டிய பொறுமையும் நேர்மையும் இரும்பைக் கொண்டு எவ்வாறு பயிலப்படுகின்றன என்பதைக் காண்பதே இன்றைய நோக்கம். அதனூடே, தொழில்நுட்பத்தைத் தமிழில் எழுதவும் கற்பிக்கவும் நாம் பெறத்தக்க பாடங்களையும் எண்ணிப் பார்ப்போம்.

பொழுதுபோக்கின் பிறப்பு

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தபோது, போரிட்ட நாடுகளின் கைகளில் இலட்சக்கணக்கான ஊர்திகள் எஞ்சி நின்றன. அவற்றை வைத்துக் காப்பதற்கும் செலவு. தாய்நாட்டிற்குத் திருப்பிக் கொண்டு செல்வதற்கும் செலவு. ஆதலின் பல அந்தந்த இடத்திலேயே விற்கப்பட்டன. சில கடலில் தள்ளப்பட்டன. விற்கப்பட்டவை பொதுமக்களிடம் புதுவாழ்வு பெற்றன. பிலிப்பைன்ஸ் நாட்டில் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்புகளின் பின்புறத்தை நீட்டி, இருபுறமும் இருக்கைகள் அமைத்து, 'ஜீப்னி' என்னும் மக்கள் ஊர்தியை உருவாக்கினார்கள். மலேசியாவின் மரவேலைக் காடுகளில், படைலாரிகளின் உறுப்புகளைக் கொண்டு கட்டப்பட்ட முரட்டு லாரிகள் மலைச்சரிவுகளில் மரம் இழுத்தன. அவற்றிற்குச் சீனமொழியில் வழங்கிய பெயர் 'சான் தாய் வோங்'. மலையரசன் என்பது அதன் பொருள்.

பயன்படும்வரை ஒரு வண்டியைப் பழையது என்று எவரும் போற்றுவதில்லை. பயன் தீர்ந்து, துருவேறி, கிடங்கின் மூலையில் கிடக்கும்போதுதான் ஒருவர் அதனை வேறு கண்ணால் பார்க்கிறார். 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் படை ஊர்திகளைக் காப்போர்க்கான சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய குழுக்கள் பல இயங்குகின்றன. நார்மண்டிக் கடற்கரையில் 1944ஆம் ஆண்டின் படையிறக்க நினைவுநாள் வரும்போதெல்லாம், பழைய ஜீப்புகளும் லாரிகளும் வரிசையாக வந்து நிற்பதைச் செய்திப் படங்களில் காண்கிறோம். அவற்றுள் பல, பணிக்குச் சென்று திரும்பும் சாதாரண மனிதர்களால் வார இறுதிகளில் பழுது நீக்கப்பட்டவை. ஊரார் அவர்களை 'மரை கழன்றவர்கள்' என்று சொல்லக்கூடும். உண்மையில் கழன்ற மரைகளைத் தேடிப் பூட்டுகிறவர்கள் அவர்களே.

ஒரு ஜீப்பை வாசித்தல்

இப்பொழுதுபோக்கில் மிகுதியாகப் பேணப்படுவது ஜீப். 1940 ஜூலையில் அமெரிக்கத் தரைப்படை 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. நான்கு சக்கரங்களும் இயங்கும் சிறு வண்டியொன்றின் முதல் மாதிரியை 49 நாட்களில் செய்து தரவேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியாவின் பட்லர் நகரிலிருந்த சிறிய நிறுவனமான அமெரிக்கன் பேன்டம், கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளரைக் கொண்டு வடிவமைத்து, 1940 செப்டம்பர் 23 அன்று மாதிரியைக் கொண்டு சேர்த்தது. எனினும் பெருந்தொகையில் செய்யும் ஆற்றல் அதற்கில்லை என்று கருதிய படைத்துறை, பெரும் ஒப்பந்தங்களை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்களுக்கு வழங்கியது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகள் வெளிவந்தன. முதலில் வடிவமைத்த பேன்டம், இழுவண்டிகள் செய்து காலந்தள்ளியது.

வில்லிஸ் செய்ததும் ஃபோர்டு செய்ததும் ஒரே வடிவமைப்பு. உறுப்புகளை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றிப் பூட்டலாம். ஆயினும் பழகிய கண் அவற்றைப் பிரித்தறியும். அடிச்சட்டத்தின் முன்புறக் குறுக்குத்தண்டு வில்லிஸில் உருண்டைக் குழாயாக இருக்கும். ஃபோர்டில் கவிழ்த்து வைத்த தொட்டி போன்ற வடிவில் இருக்கும். ஃபோர்டு தன் உறுப்புகளில், போல்ட்டின் தலையில்கூட, 'எஃப்' என்னும் ஆங்கில எழுத்தைப் பொறித்தது. முன்புறக் கிராதி முதலில் வில்லிஸில் பட்டை இரும்புகளை ஒட்டிச் செய்யப்பட்டது. பின்னர் ஃபோர்டு ஒரே தகட்டை அழுத்திச் செய்யும் முறையைக் கொண்டுவர, வில்லிஸும் அதனையே ஏற்றது.

இவற்றை அறிந்தவர் ஒரு ஜீப்பின் முன் நிற்பது, பழஞ்சுவடி வாசிக்க அறிந்தவர் ஏட்டின் முன் நிற்பதை ஒக்கும். எழுத்தின் சுழியைக் கொண்டு காலத்தைக் கணிப்பதுபோல, தகட்டின் மடிப்பைக் கொண்டு ஆண்டைக் கணிக்கிறார். வண்ணப் பூச்சை மெல்லிய உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்க்கும்போது, மேலிருக்கும் நிறம் நீங்கி அடுத்த நிறம் தோன்றும். அதன்கீழ் ஒரு வெள்ளை நட்சத்திரத்தின் முனையோ பதிவெண்ணின் ஓர் இலக்கமோ தோன்றும். முரட்டுத்தனமாக மணல் வீசித் தூய்மை செய்திருந்தால் அச்சான்று ஒரே நாளில் அழிந்திருக்கும்.

பழுது நீக்கலும் பதிப்பித்தலும்

இங்கே ஓர் அடிப்படைக் கேள்வி எழுகிறது. எந்த நிலைக்கு மீட்பது? தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதல்நாள் நிலைக்கா? களத்தில் ஓடிய நிலைக்கா? நம் கைக்கு வந்த நிலையிலேயே காப்பதா?

ஒரு வில்லிஸ் வண்டியின் அடிச்சட்டத்தில் ஃபோர்டு எஞ்சின் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தூய்மை விரும்பும் ஒருவர், அந்த எஞ்சினை நீக்கிவிட்டு வில்லிஸ் எஞ்சினைத் தேடிப் பூட்ட முனைவார். ஆனால் படைப்பட்டறைகளில் எந்த எஞ்சின் கையிருப்பில் இருந்ததோ அதனையே பூட்டினார்கள். அவ்வாறாயின் அக்கலப்பே அவ்வண்டியின் மெய்யான வரலாறு. அதனை நீக்குவது திருத்தமா, அழிப்பா?

தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் இக்கேள்வியை நன்கறிவர். சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தபோது, ஓரேட்டில் ஒருவகையாகவும் மற்றோரேட்டில் வேறுவகையாகவும் பாடம் இருந்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது முதல் சாமிநாதையரின் பணி எத்தகைய உழைப்பை வேண்டியது என்பதை நாம் வகுப்பறைகளில் சொல்லி வருகிறோம். பாட வேறுபாட்டை மறைக்காமல் குறித்துவைப்பது பதிப்பறம். தாம் ஊகித்துச் சேர்த்த சொல்லை மூலம்போலக் காட்டாமலிருப்பதும் பதிப்பறமே.

படை ஊர்தியைப் பேணுவோரின் அறமும் அதுவே. ஓர் உறுப்பைக் கழற்றுமுன் அது இருந்த நிலையைப் படமெடுக்க வேண்டும். கழற்றிய நட்டுகளையும் போல்ட்டுகளையும் தனித்தனி டப்பாக்களில் இட்டுப் பெயர் எழுத வேண்டும். புதிதாகச் செய்து பூட்டிய உறுப்பு எது, பழைய உறுப்பு எது என ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். நீக்கிய பழைய உறுப்பை எறியாமல் வைத்திருக்க வேண்டும். இக்குறிப்பேடு இல்லாத வண்டி, எத்துணை அழகாக மின்னினாலும், பதிப்புரை இல்லாத நூலைப் போன்றதே.

இயக்குவதா, காப்பதா என்பது மற்றொரு கேள்வி. இங்கிலாந்தின் பொவிங்டனிலுள்ள டாங்கி அருங்காட்சியகத்தில் 'டைகர் 131' என்னும் ஜெர்மானிய டாங்கி இருக்கிறது. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரித்தானியப் படை கைப்பற்றியது அது. நெடுங்காலம் அசையாமலிருந்த அதனைப் பழுது நீக்கி ஓடச்செய்தார்கள். இன்று உலகில் ஓடும் நிலையிலுள்ள முதல்வகை டைகர் டாங்கி அதுவொன்றே. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அதன் உறுப்புகள் தேய்கின்றன. தேய்ந்ததற்கு ஈடு கிடைப்பது அரிது. ஓடாமலே வைத்திருந்தாலோ அதனை ஓட்டவும் சீராக்கவும் தெரிந்த கைகள் இல்லாமற்போகும். ஆகவே ஆண்டில் சில நாட்கள் மட்டும், அளவோடு ஓட்டுகிறார்கள். பொருளைக் காப்பதோடு திறனையும் காக்க வேண்டும் என்னும் எண்ணம் இதில் அடங்கியிருக்கிறது. பேசாமல் பேழையில் வைத்த மொழி எந்நிலை அடையும் என்பதை இம்மன்றத்தில் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் நாட்டு வெப்பத்தில் பேணுதல்

வெயிலும் ஈரமும் ஆண்டு முழுதும் நிலவும் நம் நிலத்தில் இரும்பைக் காப்பது எளிதன்று. பழுது நீக்குவது ஒருமுறை செய்யும் வேலை. பேணுவது நாள்தோறும் செய்யும் வேலை.

பல்லாண்டு கிடந்த எஞ்சின் பெரும்பாலும் இறுகியிருக்கும். அதனை வலிந்து சுழற்றினால் பிஸ்டனோ அதன் தண்டோ முறியும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளின் வழியே துரு நெகிழ்த்தும் எண்ணெயை விட்டு, சில நாட்கள் ஊறவைத்து, பின்னர்க் கைத்தண்டால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் மீண்டும் எண்ணெய், மீண்டும் காத்திருப்பு. எஞ்சின் எண்ணெயை வடிக்கும்போது அது தே தாரிக் நிறத்தில் நுரைத்து வந்தால், தண்ணீர் கலந்துவிட்டது என்று அறியலாம்.

போர்க்கால ஜீப்பின் மின்னமைப்பு 6 வோல்ட்டில் இயங்குவது. மின்னழுத்தம் குறைவாதலால், கம்பி இணையும் இடத்தில் சிறிது துரு இருந்தாலும் விளக்கு மங்கும். எஞ்சின் கிளம்ப மறுக்கும். பேட்டரி கெட்டது என்று புதியது வாங்குமுன், கம்பிகள் இரும்பைத் தொடும் இடங்களைச் சுரண்டித் தூய்மை செய்தல் நலம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நாளடைவில் பிரேக்கின் உட்பகுதி துருப்பிடிக்கும். இக்காலத்து வண்டிகளில் உள்ளதுபோல் இரட்டை வழி அமைப்பு ஜீப்பில் இல்லை. ஒரே இடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் போய்விடும். ஆதலின் எண்ணெயைக் காலந்தோறும் மாற்றுவது உயிர்காக்கும் செயல்.

லேண்ட் ரோவர் வண்டியின் நோய் வேறு. 1948இல் அவ்வண்டி வெளிவந்தபோது பிரித்தானியாவில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்தது. எனவே உடற்பகுதியை அலுமினியக் கலவையால் செய்தார்கள். அலுமினியம் எஃகைப்போல் துருப்பிடிக்காது என்பது உண்மையே. ஆயினும் அது எஃகுச் சட்டத்தைத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால், மின்வேதி மாற்றம் நிகழ்ந்து அலுமினியம் வெண்பொடியாக உதிரும். இரண்டிற்குமிடையே ரப்பர்த் துண்டோ தக்க பூச்சோ இட்டுப் பிரித்துவைப்பதே மருந்து.

மாதம் ஒருமுறையேனும் வண்டியை வெளியிலெடுத்து, எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால், உள்ளே படியும் நீராவி எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கித் தீமையே செய்யும். பழைய பிரேக் கட்டைகளிலும் கேஸ்கட்டுகளிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கும். இருளில் ஒளிரும் சில முட்களிலும் முகப்புகளிலும் கதிரியக்க ரேடியம் இருக்கும். இவற்றைத் தூசியாக்கி மூச்சில் ஏற்றாமலிருக்க இளையோர்க்கு முதலில் கற்பிக்க வேண்டும். படை ஊர்தி வைத்திருப்பது குறித்த சட்டம் நாட்டிற்கு நாடு வேறுபடும். உரிய அனுமதி பெறாமல் எதனையும் வாங்குதல் கூடாது.

பட்டறையின் சொற்கள்

இனி மொழிக்கு வருவோம். வண்டியும் சக்கரமும் தமிழுக்குப் புதியவை அல்ல. புறநானூற்றின் 102ஆம் பாடலில், உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் மாற்று அச்சை ஔவையார் உவமையாக்குகிறார். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். மேடுபள்ளம் நிறைந்த வழியில் இருக்கும் அச்சு முறிந்தால் உதவுவதற்கென முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் உதிரி உறுப்பு அது. படை ஊர்தி பேணுவோர் ஒவ்வொருவரும் உதிரி உறுப்புகளைச் சேர்த்துவைப்பதில் காட்டும் ஆர்வத்தை நோக்கினால், ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அவ்வணிகரின் முன்னெச்சரிக்கை நமக்கு அண்மையில் வந்துவிடுகிறது. வள்ளுவர் எடுத்தாளும் அச்சாணியும் தேரின் சிறு உறுப்பே.

இன்றைய பட்டறையிலும் உயிருள்ள தமிழ்ச் சொற்கள் வழங்குகின்றன. உறுப்பு தளர்ந்து அசைந்தால் 'ஆட்டம் இருக்கிறது' என்கிறார்கள். சுமை இழுக்கும் ஆற்றலுக்கு 'இழுவை'. போல்ட்டின் சுருள்வரிக்கு 'மரை'. வார்ப்பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மிகைக்குப் 'பிசிறு'. உறுப்புகள் உராய்ந்து குறைவது 'தேய்மானம்'. இவற்றை எந்தக் குழுவும் கூடி ஆக்கவில்லை. கைகள் ஆக்கிய சொற்கள் இவை. 'ஆட்டம்' என்னும் ஒரு சொல் சொல்வதை விளக்க நூல்நடையில் ஒரு நீண்ட தொடர் வேண்டும்.

கிளட்ச், கியர், கார்புரேட்டர் போன்றவை கடன் சொற்களாகவே வழங்குகின்றன. அவற்றிற்கு நல்ல தமிழ்ச் சொல் அமைந்தால் மகிழ்ச்சியே. ஆனால் சொல்லாக்குவோர் உறுப்பின் தொழிலைக் கண்டபின் ஆக்க வேண்டும். 'ரேடியேட்டர்' என்பதன் ஆங்கில வேரை மட்டும் நோக்கிக் 'கதிர்வீசி' எனப் பெயர்த்தால் மாணவன் தவறாகப் புரிந்துகொள்வான். அவ்வுறுப்பு பெரும்பாலும் வெப்பத்தைக் கதிராக வீசுவதில்லை. தன்னூடே பாயும் காற்றுக்கு அளித்து நீரைக் குளிர்விக்கிறது. 'நீர்குளிர்ப்பி' போன்றதொரு சொல் தொழிலைச் சொல்லும். வண்டியின் மூடியைத் திறந்து பார்த்தவர்க்கே இவ்வேறுபாடு தோன்றும். சொல்லாக்கத்திற்கு அகராதியோடு ஸ்பேனரும் வேண்டும் என்பது நம் துணிபு.

கையேட்டின் நடை

அமெரிக்கத் தரைப்படை 1944 பிப்ரவரியில் ஜீப்புக்கென வெளியிட்ட டி.எம். 9-803 என்னும் கையேட்டை இன்றளவும் ஜீப் பேணுவோர் பயன்படுத்துகிறார்கள். ஓட்டுநர் செய்ய வேண்டிய சோதனைகளைப் புறப்படுமுன், ஓடும்போது, இடையில் நிற்கும்போது, ஓட்டி முடித்தபின் என நான்காகப் பகுத்துச் சொல்கிறது அது. பல்வேறு ஊர்களிலிருந்தும் தொழில்களிலிருந்தும் வந்த புதிய படைவீரர்கள் படித்துச் செயற்பட வேண்டியிருந்ததால், அதன் நடையில் தெளிவு கட்டாயமாயிற்று. பின்னர், 1951 ஜூன் முதல் அதே படை 'பி.எஸ்.' என்னும் சிறு மாத இதழை வெளியிட்டது. புகழ்பெற்ற சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னர் அதற்குப் படம் வரைந்தார். எண்ணெய் மாற்றுவதையும் சக்கரம் பூட்டுவதையும் நகைச்சுவைப் பாத்திரங்களைக் கொண்டு கற்பித்தது அவ்விதழ். படிப்பவரைத் தாழ்த்தாமல் எளிமையாக எழுதலாம் என்பதற்கு அது சான்று.

தமிழில் இத்தகைய எழுத்து எவ்வாறு அமைய வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். போர்க்கால ஜீப்பின் சக்கர வளையம் இரு பாதிகளாக அமைந்து, சுற்றிலும் நட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். டயரில் காற்று இருக்கும்போது அந்நட்டுகளைக் கழற்றினால், அழுத்தம் தாங்காமல் வளையம் வெடித்துப் பிரியும். அதனால் உயிரே போகலாம். இதனை ஒருவர் இப்படி எழுதுகிறார்: "வளையத்தின் நட்டுகளைக் கழற்றவும். அதற்கு முன் காற்றை இறக்கிவிட வேண்டும்." இலக்கணப் பிழை இல்லை. எனினும் ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு வரிவரியாகப் படிப்பவன், இரண்டாம் தொடரை எட்டுமுன் முதல் தொடரைச் செய்துவிடுவான். "டயரின் காற்றை முழுவதும் இறக்கி, வால்வின் ஊசியையும் கழற்றி, காற்று வருவது நின்றதை உறுதிசெய்த பின்னரே நட்டுகளில் கைவைக்கவும்" என்று எழுதினால் செயலின் வரிசையும் சொல்லின் வரிசையும் ஒன்றாகும்.

நம் மொழியின் வினையெச்சம் இதற்கென்றே அமைந்தது போன்றது. 'கழற்றி, துடைத்து, எண்ணெயிட்டு, பூட்டு' என்று அடுக்கினால் வேலையின் ஒழுங்கு தானே விளங்கும். வினையெச்சத்தைத் தேர்வுக்கான இலக்கணப் பகுதியாக மட்டும் கற்பிக்கிறோம். ஒரு மனிதனின் கைவிரல்களைக் காக்கும் கருவியாகவும் அதனைக் கற்பிக்கலாம்.

போரைப் போற்றுகிறோமா?

இவ்வளவு கூறிய பிறகும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. கொலைக்கருவிகளுக்கு மெருகேற்றி வைப்பது போரைப் போற்றுவது ஆகாதா? இக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. ஏனெனில் போர் இம்மண்ணுக்குக் கதையன்று. 1942 ஜனவரி 7 அன்று, சிலிம் ஆற்றுப் பகுதியில், ஜப்பானிய டாங்கிகள் விடியுமுன் நெடுஞ்சாலை வழியே பாய்ந்து 11ஆம் இந்தியப் படைப்பிரிவின் அரண்களைச் சிதறடித்தன. எதிர்த்து நிற்க அப்பிரிவிடம் ஒரு டாங்கியும் இல்லை. ஆறு வாரங்களுக்குள் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1969 ஆகஸ்ட் 9 அன்று, சிங்கப்பூரின் தேசிய தின அணிவகுப்பில் ஏ.எம்.எக்ஸ். 13 டாங்கிகள் உருண்டு சென்றபோது அவற்றைக் கண்டோர் கொண்ட உணர்ச்சிக்கு, அந்த 1942இன் நினைவும் ஒரு காரணம் என்று கொள்வது தவறாகாது.

இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. டோக்கியோவிலுள்ள யசுகுனி ஆலயத்தை அடுத்த யூஷுகான் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில், சி 56 வகையைச் சேர்ந்த 31ஆம் எண் நீராவி இரயில் எஞ்சின் நிற்கிறது. 1943 அக்டோபரில் சயாம் - பர்மா இரயில் பாதை திறக்கப்பட்டபோது ஓடிய எஞ்சின் அது. 1979இல் ஜப்பானுக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டது. கரிய வண்ணம் பூசி, செம்மையாகப் பேணப்பட்டிருக்கிறது. அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் மாண்டு, திரும்பி வாராதோரும் பல்லாயிரவர். இம்மண்ணின் பல குடும்பங்களில் அவர்களின் பெயர்கள் இன்னும் நினைக்கப்படுகின்றன. அந்த எஞ்சினின் மெருகில் அப்பெயர்கள் தெரிவதில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளும் முடிவு, இரும்பை அழித்துவிட வேண்டும் என்பதன்று. சான்று அழிந்தால் மறுப்போர்க்கு எளிதாகிவிடும். பேணப்பட்ட ஒவ்வோர் ஊர்திக்கும் அருகே, அது யாரைச் சுமந்தது, யாரை நசுக்கியது, யார் அதற்கென உழைத்து மடிந்தார்கள் என்று சொல்லும் எழுத்து இருக்க வேண்டும் என்பதே நம் முடிவு. இரும்பு தானாகப் பேசாது. அதன் அருகில் வைக்கும் பலகையே பேசும். அப்பலகையை எழுதுவது மொழி கற்றவரின் பொறுப்பு. அதனைத் தமிழில் எழுத நாம் முன்வராவிட்டால், நம்மவரின் பங்கு எழுதப்படாமலே போகக்கூடும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

கலிபோர்னியாவில் ஜாக் லிட்டில்ஃபீல்டு என்பவர் 200க்கும் மேற்பட்ட படை ஊர்திகளைத் திரட்டிப் பழுது நீக்கி வைத்திருந்தார். 2009இல் அவர் மறைந்தார். 2014இல் அத்தொகுப்பின் பெரும்பகுதி ஏலத்தில் விற்கப்பட்டுப் பல திசைகளுக்கும் சென்றது. அத்துணைப் பெரிய முயற்சிக்கே நிலை இதுவெனில், சிறு பட்டறையில் தனியொருவர் காத்துவரும் வண்டிக்கும் அவர் கைத்திறனுக்கும் நிலை என்னவாகும்? வண்டியை விற்றுவிடலாம். கையின் அறிவை விற்க இயலாது. கற்பித்தே செல்ல வேண்டும்.

ஆகவே மூன்று செயல்களை ஆசிரியப் பெருமக்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, மாணவர்கள் தம் ஊரிலுள்ள பட்டறைகளுக்குச் சென்று, அங்கே வயதில் மூத்தோர் வழங்கும் சொற்களைப் பொருளோடும் படத்தோடும் தொகுக்கட்டும். தோட்டங்களில் லாரி, டிராக்டர் ஓட்டியவர்களும் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைத் தாத்தா என்றும் பெரியப்பா என்றும் அழைத்து அருகிலமர்ந்து கேட்டால், எந்நூலிலும் இல்லாத சொற்கள் கிடைக்கும். காலம் தாழ்த்தினால் கேட்பதற்கு ஆள் இரார்.

இரண்டாவது, கட்டுரைப் பயிற்சியில் ஒரு முறையேனும், ஒரு கருவியைக் கழற்றிப் பூட்டும் முறையை எழுதச் சொல்லுங்கள். மிதிவண்டிச் சக்கரமே போதும். ஒரு மாணவர் எழுதியதை மற்றொரு மாணவர் படித்தபடியே செய்து பார்க்கட்டும். எங்கே கை தடுமாறுகிறதோ அங்கே நடை தடுமாறியிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, அருங்காட்சியகத்திற்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது, போர்ட்டிக்சன் தரைப்படை அருங்காட்சியகமாயினும் சிங்கப்பூரில் உள்ளதாயினும், அங்கே நிற்கும் ஓர் ஊர்திக்குத் தமிழில் நூறு சொற்களில் விளக்கப் பலகை எழுதச் செய்யுங்கள். அதில் இயந்திரமும் இருக்க வேண்டும். மனிதரும் இருக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, துருப்பிடித்த ஒன்றைக் கண்டால் அதனைக் குப்பையென்று ஒதுக்குமுன் சற்றே நின்று பாருங்கள். அதனைச் செய்தவர் யார், அதனால் வாழ்ந்தவர் யார், வருந்தியவர் யார் என்று கேளுங்கள். விடை கிடைத்தால் தெளிவான தமிழில் எழுதிவையுங்கள். கைத்திறன் பொருளை ஒரு தலைமுறைக்குக் காக்கும். எழுதிவைத்தால் பின்வரும் தலைமுறைகளும் அதனைக் கையாளக் கற்கும்.